தோளையும் கேளுங்கள்

சர்க்கரை நோய்க்காக மருத்துவமனை போய்வருகிறவர்களுக்கு அங்கே நடப்பதெல்லாம் மனப்பாடம். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுப்பார்கள். எடை, பிரஷர், மூன்று மாதச் சராசரி எல்லாம் பார்ப்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைச் சோதிப்பார்கள். சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தை நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார்கள். 1948இல் டாக்டர் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இந்தத் துறை இங்கே நெடுந்தூரம் வந்திருக்கிறது. அதனால் பிழைத்த கண்களும் கால்களும் ஏராளம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் பல இடங்களில் அந்த வரிசையில் இன்னும் சேரவில்லை: "கையைத் தலைக்கு மேல தூக்க முடியுதா?"

கேட்காததற்குக் காரணம் புரிகிறது. கண் போனால் வாழ்க்கையே இருண்டுவிடும். சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ். புண் முற்றினால் காலையே எடுக்க வேண்டிவரும். தோள் இறுகி யாரும் சாவதில்லை. உயிரைப் பறிக்காத நோய்க்குக் கவனத்தில் கடைசி இடம்தான் கிடைக்கிறது. ஆனால் உயிரோடு இருப்பவர் அன்றாடம் செய்கிற காரியங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தலை வாருவது, சொம்பால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது, சட்டை மாட்டுவது, பரணிலிருந்து பாத்திரம் இறக்குவது, பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பது, பேரப்பிள்ளையைத் தூக்குவது. இதில் தோள் இல்லாமல் நடக்கிற காரியம் ஒன்றுகூட இல்லை.

எங்கள் தெருவில் டிபன் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. மாத்திரையை ஒரு வேளை தவறவிடாதவர். முதலில் இரவில்தான் வலி வந்ததாம். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் யாரோ தோளுக்குள் விரலை விட்டுத் திருகுவதுபோல இருக்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். பிறகு பகலிலும் பிடித்துக்கொண்டது. இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கும்போது சுரீரென்று இழுத்தது. சில மாதங்களில் வலி சற்றுக் குறைந்தது; ஆனால் கை எழும்பவில்லை. தோளுக்கு மேலே போக மறுத்தது, முதுகுப் பக்கம் திரும்ப மறுத்தது. உள்ளாடைக் கொக்கியைப் போட மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. முந்தானையை எடுத்துத் தோளில் போட முடியாமல் நைட்டிக்கு மாறினார். அந்த நைட்டியைத் தலைவழியே மாட்டுவதற்கும் இன்னொருவர் கை தேவைப்பட்டது. அந்த ஆண்டு நெருங்கிய சொந்தத்தில் நடந்த இரண்டு கல்யாணங்களுக்கு அவர் போகவில்லை. புடவை கட்டிவிட ஆள் தேட வேண்டும் என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு, கடையைக் காரணம் சொல்லிவிட்டார்.

"சர்க்கரை டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"சர்க்கரைக்கும் கைக்கும் என்ன தம்பி சம்பந்தம்? வயசாகுது, வாயுப் பிடிப்பு. அவர்கிட்ட போய் இதைச் சொன்னா என்ன நெனைப்பார்?"

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பந்தம் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அந்தச் சம்பந்தமோ மருத்துவ ஏடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பதிவாகியிருக்கிறது. 1972இல் பிரிட்ஜ்மன் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகள் 800 பேரையும் சர்க்கரை இல்லாதவர்கள் 600 பேரையும் ஒப்பிட்டார். முதல் கூட்டத்தில் தோள் இறுக்கம் 10.8 சதவீதம், இரண்டாவதில் 2.3 சதவீதம். பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2016இல் வெளியான கணக்கும் அதே திசையைத்தான் காட்டியது: சர்க்கரை நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இந்த நோய், மற்றவர்களுக்கு வருவதைப்போல் ஐந்து மடங்கு. தோள் இறுகி வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பதையும் அதே ஆய்வு கண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நம் நாட்டில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் 10.1 கோடி என்று மதிப்பிட்டது. அந்த 13 சதவீதத்தில் பாதிதான் இங்கே பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், கை தூக்க முடியாதவர்கள் அரைக் கோடிக்கு மேல் வருவார்கள்.

ரத்தத்தில் ஓடும் சர்க்கரை தோளில் போய் என்ன செய்கிறது? தோசைக்கல்லில் மாவு பொன்னிறமாகச் சிவக்கிறதே, அதிலிருந்து தொடங்கலாம். சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று பிணைவதால் வருகிற நிறம் அது. லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலர் 1912இல் இந்த வினையை விவரித்தார். இதே பிணைப்பு அடுப்பில்லாமலே, நம் உடம்பின் சூட்டிலேயே, மிக மிக மெதுவாக உள்ளேயும் நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடக்கூட அது வேகம் பிடிக்கிறது. 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு ஹீமோகுளோபினைக் கண்டார். சர்க்கரை ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின் அது. இன்று எச்.பி.ஏ.1சி என்று சீட்டில் எழுதுகிறார்களே, மூன்று மாதச் சராசரி என்கிறோமே, அதன் பிறப்பு அங்கேதான். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அணு அழியும்போது அதில் ஒட்டிய சர்க்கரையும் போய்விடும். அதனால்தான் அந்தச் சோதனை மூன்று மாதக் கதையை மட்டும் சொல்கிறது.

தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் உறையும் தசைநாண்களும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. கொலாஜன் சிவப்பணுவைப்போல நான்கு மாதத்தில் மாறிவிடுவதில்லை. தோலிலுள்ள கொலாஜனில் பாதி புதிதாவதற்கே சுமார் 15 ஆண்டு ஆகிறது. குருத்தெலும்பில் உள்ளது புதிதாக ஒரு மனித ஆயுள் போதாது. அதில் ஒட்டிய சர்க்கரை, இழைக்கும் இழைக்கும் நடுவில் குறுக்குக் கட்டுகளாக மாறித் தங்கிவிடுகிறது. வழுவழுவென்று ஒன்றின்மேல் ஒன்று நகர வேண்டிய இழைகள் ஒட்டிக்கொள்கின்றன. இதோடு அழற்சியும் சேர்கிறது. உறையிலுள்ள செல்கள் தேவைக்கு மேல் நாரை உற்பத்தி செய்து, அந்த நாரைச் சுருக்கவும் செய்கின்றன. நம் மூட்டுகளில் தோள்தான் மிக அதிகமாகச் சுழலக்கூடியது; அதற்காகவே அதன் உறை தொளதொளவென்று, அக்குள் பக்கம் மடிப்போடு அமைந்திருக்கிறது. அந்த மடிப்பு காணாமல் போகிறது. உறை தடித்துச் சுருங்கி எலும்பை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

ஆக, இந்த மாதச் சீட்டில் சராசரி 6.8 என்று வந்தவருக்கும் தோள் இறுகலாம். அதில் முரண் எதுவும் இல்லை. சீட்டு மூன்று மாதத்தைச் சொல்கிறது. தோள் சொல்வது முப்பது வயதில் தெரியாமல் இருந்த சர்க்கரையை, நாற்பதில் அலட்சியமாக விட்ட ஆண்டுகளை, மருந்து வாங்கக் காசில்லாத காலத்தை. இன்றைய சராசரியைவிட, நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதுதான் தோளோடு அதிகம் தொடர்புடையது. எனவே கை எழும்பவில்லை என்று சொல்கிறவரிடம் "வாயைக் கட்டணும், அதான் இப்படி" என்று முகத்தில் அடிப்பது மருத்துவ ரீதியாகவே பிழை. இன்று வாயைக் கட்டியிருப்பவரையும் பழைய ஆண்டுகள் வந்து பிடிக்கும். சர்க்கரை நோயாளி ஏற்கெனவே வீட்டிலும் விருந்திலும் போதுமான அளவு குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். தோளுக்காகவும் அவரை அங்கே ஏற்ற வேண்டாம்.

நோய் போகிற போக்கைப் பழைய மருத்துவர்களே கவனமாக எழுதிவைத்திருக்கிறார்கள். பாரிஸில் துய்ப்லே 1872இல் இதை விவரித்தார். பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் 1934இல் தோளைப் பற்றிய தம் பெரிய நூலில் இதற்குத் தனி இடம் கொடுத்தார். முதலில் வலிக் காலம், இரவில்தான் உக்கிரம். அடுத்து இறுக்கக் காலம். வலி தணியும், அசைவு போய்விடும். அதன்பின் மெல்லத் தளரும் காலம். மூன்றும் முடிய ஒன்றரை, இரண்டு, சிலருக்கு மூன்று ஆண்டு. இந்தத் தளரும் காலத்தை நம்பித்தான் "தானா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். சர்க்கரை இல்லாதவர்களிலேயே எல்லோருக்கும் முழுதாகச் சரியாவதில்லை. சர்க்கரை இருப்பவர்களுக்கு இறுக்கம் கூடுதல், காலம் கூடுதல், மறு தோளிலும் வருகிற வாய்ப்பு கூடுதல். இரண்டு ஆண்டு சும்மா இரு என்று பெயின்ட் அடித்துப் பிழைக்கிறவரிடமும், தலைக்கு மேல் செங்கல் ஏற்றிவிடுகிறவரிடமும் எப்படிச் சொல்வது? கையை உயர்த்த முடியாத நாளில் அவர்களுக்குக் கூலி கிடையாது.

கண்டுபிடிப்பதற்கோ பெரிய கருவி எதுவும் வேண்டாம். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, முன்கையை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பச் சொல்ல வேண்டும். இந்த நோயில் முதலில் போவது அந்தத் திருப்பம்தான். நோயாளியால் முடியவில்லை, மருத்துவர் பிடித்து மெதுவாகத் திருப்பினாலும் திரும்பவில்லை என்றால் அது உறையின் இறுக்கம். மற்றவர் தூக்கினால் கை எழும்புகிறது, தானாக எழும்பவில்லை என்றால் தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். "எலும்பெல்லாம் நல்லா இருக்கு, ஒண்ணுமில்ல" என்ற பதிலோடு திரும்பி வந்து, வலியைத் தாமே கற்பனை செய்கிறோமோ என்று சந்தேகப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். எலும்பில் ஒன்றுமில்லைதான், நோய் இருப்பது எலும்பைச் சுற்றிய உறையில்.

தோளைப் பார்க்கும்போதே கைகளையும் பார்த்துவிடலாம். வணக்கம் சொல்வதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கூப்பச் சொல்லுங்கள். நீண்ட நாள் சர்க்கரையில் சிலருக்கு விரல்கள் முழுக்க நிமிராது; கூப்பிய கைகளுக்கு நடுவே விரலடியில் இடைவெளி தெரியும். புறங்கைத் தோல் தடித்துப் பளபளக்கும். 1974இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரோசன்புளூம் என்ற மருத்துவர் இந்த இறுக்கத்தைச் சர்க்கரை நோயுள்ள பதின்வயதுப் பிள்ளைகளிடமே கண்டு எழுதினார். முதுமைதான் காரணம் என்று சொல்லித் தப்ப முடியாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொண்டு, டக்கென்று விடுபடுவது, உள்ளங்கையில் நார் திரண்டு மோதிர விரலை உள்ளே இழுப்பது, மணிக்கட்டில் நரம்பு நசுங்கி இரவில் கை மரத்துப்போவது ஆகியவையும் சர்க்கரை உள்ளவர்களிடம் மிகுதி. பாதத்தில் வருகிற ஒன்று மட்டும் காத்திருக்க அனுமதிக்காது. பாதம் திடீரென்று வீங்கிச் சூடாகச் சிவந்திருக்கிறது, ஆனால் வலி அதிகம் இல்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நரம்பு மரத்துப்போன காலில் எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வடிவமே குலைகிற நோயாக அது இருக்கலாம். வலி இல்லையே என்று அதன்மேல் நடந்துகொண்டிருப்பவர்கள் பாதத்தையே இழக்கிறார்கள்.

எல்லாத் தோள் வலியையும் இறுக்கம் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும். இடது தோளோ கையோ திடீரென்று வலித்து, கூடவே வியர்வையோ மூச்சுத் திணறலோ மாடிப்படி ஏறும்போது கூடுகிற வலியோ இருந்தால் தைலத்தைத் தேடக்கூடாது, ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். கழுத்தெலும்பில் நரம்பு நசுங்கினாலும் வலி தோளில் தெரியும்.

நம் ஊரில் இந்த நோய் மருத்துவரிடம் வருவதற்கு முன் பல கைகள் மாறுகிறது. டிபன் கடை அக்கா முதலில் சுளுக்கு எடுப்பவரிடம் போனார். அவர் எண்ணெய் போட்டு நீவி, கையைப் பிடித்து ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தார். வலிக் காலத்தில் அழன்றுகொண்டிருக்கும் உறையை வலுக்கட்டாயமாக இழுத்தால் அது இன்னும் மோசமாகும். அவருக்கும் அப்படித்தான் ஆயிற்று. நெதர்லாந்தில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு, வலி தாங்கும் எல்லைக்குள் மென்மையாக அசைத்துவந்தவர்கள், வலியை மீறி முறுக்கப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறியதைக் காட்டியது. அடுத்து அவர் போனது மெடிக்கலுக்கு. மூன்று நாளைக்கு என்று வாங்கிய வலி மாத்திரை மூன்று மாதம் ஓடியது. எனக்குப் பெரும் கவலை தருவது இதுதான். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. சர்க்கரையாலும் பிரஷராலும் ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்துக்கு அது தாங்காது. தோளைக் கேட்காமல் விட்டதன் விலையைச் சிறுநீரகம் கொடுக்க நேர்கிறது. சீட்டில்லாமல் பொட்டலத்தில் தருகிற பெயர் தெரியாத பொடி, மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. வலி மாயமாய்ப் போகும், சர்க்கரை எகிறும்.

முறையான வைத்தியம் சிக்கலானதல்ல. வலிக் காலத்தின் தொடக்கத்திலேயே மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பலருக்கு இரவுத் தூக்கம் திரும்பும். அந்த ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை உயர்த்தும் என்பதால் அந்த நாட்களில் வீட்டில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், இன்சுலின் போடுகிறவர்கள் அளவைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை இருப்பவருக்கு ஊசியே கூடாது என்று சிலர் பயந்து மறுப்பதில் நியாயமில்லை. பிறகு பிசியோதெரபி. குனிந்து மேசையைப் பிடித்துக்கொண்டு கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களால் மெல்ல மேலே ஏறுவது, துண்டை முதுகுக்குப் பின் பிடித்து நல்ல கையால் மேலே இழுப்பது, குச்சியைப் பிடித்து முன்கையை வெளிப்பக்கம் தள்ளுவது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம், ஒரு நாளைக்குப் பல தடவை. இவற்றுக்கும் அசையாத தோளுக்கு மயக்கம் கொடுத்து அசைத்துவிடுவதும், சிறு துளை வழியே உறையை வெட்டித் தளர்த்துவதும் இருக்கின்றன. பிரிட்டனில் 503 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஊசியோடு சேர்ந்த முறையான பிசியோதெரபி, மயக்கத்தில் அசைப்பது, அறுவை மூன்றுக்கும் ஓராண்டு முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடன் வாங்கி அறுவைக்கு ஓடுவதற்கு முன் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் பிசியோதெரபி என்றால் வாரம் இரண்டு மூன்று நாள் போய்வர வேண்டும். பேருந்துக் காசு, அரை நாள் கூலி, கூட வர ஓர் ஆள். இதனால்தான் பெண்கள் இரண்டாவது வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்குக் கையில் ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே தருவது அந்தத் திட்டத்தின் பகுதி. மாத்திரை கொண்டுவருகிற தன்னார்வலர் வாசலில் நிற்கும்போதே "கையைத் தூக்குங்கம்மா, முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோங்க" என்று கேட்டுவிட்டு, முடியாதவர் பெயரைக் குறித்துக்கொண்டு போனால் போதும். அரை நிமிட வேலை. புதிய கருவி வேண்டாம், புதிய மருந்து வேண்டாம், ஏட்டில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். அதைச் சேர்க்கும்படி மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

டிபன் கடை அக்கா இப்போது பிசியோதெரபிக்குப் போகிறார். ஊசியும் போட்டாகிவிட்டது. கை காதுவரை எழும்புகிறது. முதுகுப் பக்கம் இன்னும் சரியாகவில்லை. முழுதாகத் திரும்புமா என்று அவருடைய மருத்துவர் உறுதி சொல்லவில்லை. முதல் இரவு வலி வந்த மாதத்திலேயே போயிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாராம்.

சர்க்கரை உள்ளவர்கள் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இரவில் தோள் வலிக்கிறது, கை பின்னால் போகவில்லை, விரல் சிக்குகிறது என்று தயங்காமல் சொல்லுங்கள். சர்க்கரை இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற, நாற்பது வயது தாண்டிய யாருக்காவது காரணமில்லாமல் தோள் இறுகினால், எக்ஸ்ரே எடுக்கும் அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் அம்மாவோ அத்தையோ புடவை கட்டுவதை நிறுத்தியிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.